வெள்ளம் குறையக் காட்டுக்குக் காசு கட்டுவீர்களா?

ஆற்றோரம்:
மலைக்காட்டைக் காப்பாற்ற, கீழே வெள்ளத்தில் மாட்டும் வீடுகள் ஆண்டுக்கொரு சின்னத் தொகை கட்டலாம் என்பது என் கட்சி. காட்டுத் தரையில் கையை விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்த சருகு, அடியில் மக்கிய சருகு, அதற்கும் கீழே மண்புழு துளைத்த பொலபொலப்பான மண். விழுகிற மழை ஓடாமல் உள்ளே இறங்கும். மொட்டையடித்த சரிவில் அதே மழை மண்ணையும் வாரிக்கொண்டு வந்து ஆற்றுப் படுகையை மேடாக்கிவிடும்.

கணக்கன்:
எவ்வளவு மழை என்று சொல்லாமல் ரசீதை நீட்டாதீர்கள். நாலு நாள் விடாமல் பெய்து மண் ஊறிவிட்டால், ஐந்தாம் நாள் மழைக்குக் காட்டு மண்ணிலும் இடமில்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2005-இல் பங்கேற்று வெளியிட்ட அறிக்கை சொன்னதும் இதுதான்: சிறு வெள்ளத்தைக் காடு தணிக்கும், பெருவெள்ளத்தைத் தடுக்காது. வீடு மூழ்குவது பெருவெள்ளத்தில்.

ஆற்றோரம்:
சரி, அது உண்மை. ஆனால் கணுக்கால் அளவுத் தண்ணீர் அடிக்கடி வந்து மெத்தையையும் அரிசி மூட்டையையும் கெடுக்கிறதே, அது எந்தச் செய்தியிலும் வராது. அதைக் குறைத்தாலே கட்டிய காசுக்கு ஈடாகிவிடும். நியூயார்க் 1997-இல் மேல்பகுதி நிலங்களைக் காக்கப் பணம் போட ஒப்பந்தம் செய்யவில்லையா?

கணக்கன்:
அது குடிநீருக்கு. குழாயைத் திறந்தால் பலன் தெரியும். வராத வெள்ளத்தை யார் கண்ணால் பார்ப்பது?

கேள்வித்தாள்:
இந்தக் கேள்வியோடு வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். ஒரு அம்மா ஒரு தொகை சொன்னார். எழுதப் போனபோது, “இப்பவே தரணுமா?” என்றார். இல்லை, கேள்வி மட்டும்தான் என்றதும் தொகையை இரட்டிப்பாக்கிவிட்டார்! பேச்சுக்குக் காசில்லை. இதனால்தான் 1993-இல் அமெரிக்காவில் ஆரோ, சோலோ என்ற இரு பொருளியலாளர்கள் தலைமையிலான குழு, “எவ்வளவு தருவீர்கள்” என்று கேட்காமல், “இந்தத் தொகையைக் கட்டச் சம்மதமா, இல்லையா” என்று வாக்கெடுப்பு போலக் கேட்கச் சொன்னது. அப்புறம், பூஜ்யம் சொன்னவர்கள் எல்லாம் காடு வேண்டாம் என்பவர்கள் அல்லர். “வெட்டினவன் கட்டட்டும்” என்பார்கள். காசில்லை, இரண்டு நாள் வந்து வேலை செய்கிறேன் என்றவர்களும் உண்டு. அதை எழுத என் தாளில் கட்டமே இல்லை.

கணக்கன்:
வெட்டினவன் கட்டட்டும் என்பதே என் பதிலும். கோஸ்டாரிகாவில் எரிபொருள் வரியிலிருந்து காட்டு உரிமையாளர்களுக்குப் பணம் போகிறது. வெள்ளத்தில் நனைந்தவனிடம் போய் உண்டியல் குலுக்குவானேன்?

ஆற்றோரம்:
வரி வரும்வரை மரம் நிற்குமா? மேலே இருப்பவருக்கு மரத்தை விற்றால் இன்றே காசு. விற்காமல் இருக்க நாம் என்ன கொடுக்கிறோம்?

கணக்கன்:
கட்டுகிறேன், ஒரு நிபந்தனை. மழைக்காலம் முடிந்ததும் ஆற்று அளவுகோல் என்ன காட்டியது என்று ரசீதின் பின்புறம் அச்சடித்துத் தர வேண்டும். கன்று நடும் விழாவுக்கு ஒரு காசு தர மாட்டேன்.

ஆற்றோரம்:
நானும் நிற்கிற காட்டுக்குத்தான் கேட்டேன்.