மறு: ‘கூந்தல் இஸ்திரி’ ஏன் வேண்டாம் என்கிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அழகுக்கலைப் பயிற்சி ஏட்டுக்காக, ஹேர் ஸ்ட்ரெய்ட்னருக்கும் அதை ஒட்டிய சிலவற்றுக்கும் தமிழ்ச்சொல் கேட்டு நான் எழுதிய மடலுக்கு இத்தனை மறுமொழிகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பலரும் வழிமொழிந்திருப்பது கோவை நண்பர் தந்த சொல்லை:

> கூந்தல் இஸ்திரி என்றே வைக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த சொல். கேட்டவுடன் பொருள் விளங்கும். புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை.

படித்தவுடன் எனக்கும் பிடித்துப்போயிற்று. இஸ்திரி போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல் என்பார்கள். அவர்கள் மொழியில் ‘எஸ்திரார்’ என்றால் இழுத்து நீட்டுவது. நாம் தேடும் பொருள் அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. எங்கள் பயிற்சி வகுப்புப் பெண்களும் ‘முடிக்கு அயர்ன் போடுவது’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனாலும் இந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஒரே காரணம்தான்: தண்ணீர்.

தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்ப்பவரை நினைத்துப் பாருங்கள். கரிப்பெட்டியைத் தூக்குவதற்கு முன் அவர் கை எங்கே போகிறது? பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கு. பருத்திச் சேலை என்றால் தெளித்து, சுருட்டிச் சற்று வைத்திருந்து, பிறகுதான் தேய்ப்பார். ஈரம் இருந்தால்தான் சுருக்கம் எடுபடும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெட்டி பட்டதும் ‘சுர்’ என்று ஆவி எழுந்தால் வேலை நன்றாக நடக்கிறது என்று பொருள். இஸ்திரி என்ற சொல்லோடு இந்தப் பழக்கம் முழுவதும் ஒட்டிக்கொண்டு வருகிறது. முடியில் அதையே செய்தால் முடி பாழாகும்.

என் அக்கா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வரவேற்பு நாள். காலையில் தலைக்குக் குளித்தவள். இடுப்பு வரை நீண்ட, அடர்த்தியான முடி. மேலே காய்ந்திருந்தது, பிடரிப் பக்கம் ஈரம். நேரமாகிவிட்டது என்று அழகு நிலையத்தில் அப்படியே கருவியை வைத்தார்கள். ஒவ்வொரு கற்றையிலும் ‘சுர்’ என்ற ஓசையும் வெண்புகையும் வந்தன. அருகில் நின்ற நான் அதைத் தவறாகவே நினைக்கவில்லை. அந்த ஓசைதான் எனக்கு ஏற்கெனவே பழக்கமாயிற்றே! அடுத்த சில வாரங்களில் சீப்பு வைத்த இடத்திலெல்லாம் முடி ஒடிந்தது. வேரோடு உதிரவில்லை, பாதியில் முறிந்தது. தோல் மருத்துவர் ஓர் இழையை நுண்ணோக்கியில் வைத்து எங்களையும் பார்க்கச் சொன்னார். இழைக்குள்ளே வரிசையாக வெற்றிடங்கள். ஆப்பத்தின் நடுப்பகுதியைப் பிட்டுப் பார்த்தால் தெரியுமே, அந்தத் துளைகள் போல.

இதற்கு மருத்துவத்தில் ‘பபுள் ஹேர்’ என்று பெயர். 1986இல் முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவானது. முடியிழைக்குள் புகுந்திருக்கும் நீர், திடீரென்று சூடு பட்டதும் ஆவியாகிறது. வெளியே செதில் அடுக்கு மூடியிருப்பதால் தப்ப வழியில்லாமல், உள்ளிருக்கும் மென்மையான பகுதியை ஊதிப் பெருக்கிவிடுகிறது. 175 டிகிரி செல்சியஸை எட்டும் முடி உலர்த்திகளால் இது நேரும். சூடான இடுக்கியை ஈர முடியில் ஒரு நிமிடம் பிடித்தால் 125 டிகிரியே போதும். கடைகளில் விற்கும் நேராக்கும் கருவிகளோ 200ஐத் தாண்டி 230 வரை போகின்றன.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதம். நன்கு உலர்ந்த முடியில் அந்தப் புரதத்தின் சுருளமைப்பு 200 டிகிரிக்கு மேல்தான் குலைகிறது. நீரில் ஊறிய முடியில் 150 டிகிரி அளவிலேயே குலைந்துவிடுகிறது. ஈரம் ஒருபுறம் ஆவியாகி இழையைக் கிழிக்கிறது, மறுபுறம் புரதம் தாங்கக்கூடிய சூட்டின் எல்லையையும் கீழே இறக்குகிறது. ஈரம் வைத்துத் தேய் என்று மறைமுகமாகச் சொல்லிக்கொடுக்கும் பெயரை இந்தக் கருவிக்கு எப்படி வைப்பது?

இஸ்திரிக்கு ஆதரவாக ஒரு நண்பர் எழுதியிருந்தார்:

> துணியும் இழை, முடியும் இழை. ஒப்புமை சரியாகத்தானே இருக்கிறது?

ஒப்பிடுவதானால் பருத்தியோடு ஒப்பிடக் கூடாது ஐயா, கம்பளியோடு ஒப்பிட வேண்டும். கம்பளி ஆட்டு முடி, அதுவும் கெரட்டின்தான். ஆடையின் உட்புறப் பட்டையில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் புள்ளிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பருத்திக்கு மூன்று புள்ளி. ஏறத்தாழ 200 டிகிரி. கம்பளிக்கு இரண்டு; 150ஐத் தாண்டக் கூடாது. ஆட்டின் முடிக்கு நாம் காட்டும் இந்தக் கவனத்தை நம் பெண்களின் முடிக்கும் காட்ட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எங்கள் பயிற்சி ஏட்டில் மெல்லிய முடி, சாயம் ஏற்றிய முடி, வெளுக்கப்பட்ட முடி ஆகியவற்றுக்கு 150க்குள் என்றும், திடமான முடிக்கு 180 போதும் என்றும் எழுதியிருக்கிறேன். 230 என்ற எண் கருவியில் இருக்கிறது என்பதற்காக அங்கே போக வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்து ஆசிரியை, தங்கள் பக்கம் இஸ்திரிப் பெட்டியை மின்னழுத்தி என்பதால் ‘முடியழுத்தி’ எனலாம் என்றார். அம்மா, மன்னிக்க வேண்டும். அழுத்துவதுதான் இங்கே இரண்டாவது தவறு. கற்றையை இறுகக் கவ்வி ஓரிடத்தில் நிறுத்தினால் அந்த இடம் கருகுகிறது. நேராகவில்லையே என்று திரும்பத் திரும்ப அழுத்தினால் செதில்கள் பெயர்கின்றன. செய்ய வேண்டியது, மெல்லிய கற்றையாக எடுத்து, வேர்ப்பக்கம் ஒரு விரற்கடை விட்டு, நிற்காமல் ஒரே சீராக நுனி வரை கொண்டுபோவது. கற்றை மெல்லியதாக இருந்தால் ஒருமுறை இழுத்தாலே போதும். தடித்த கற்றையை எடுப்பவர்களுக்குத்தான் நான்கு முறை இழுக்க வேண்டிவருகிறது. நுனியில் இன்னும் மெதுவான கை வேண்டும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவு வளரும் என்பதால், 40 சென்டிமீட்டர் முடியின் நுனி மூன்று ஆண்டுக்கு மேல் வயதானது. அத்தனை ஆண்டு வெயிலும் சீப்பும் சூடும் அதன்மேல் ஏற்கெனவே பட்டிருக்கின்றன.

இந்தக் கையசைவுக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறதே என்று தோன்றியது. பிள்ளையைத் தூங்க வைக்கும்போது தலையை என்ன செய்கிறோம்? நீவிவிடுகிறோம். சுளுக்கு விழுந்தால் எண்ணெய் தொட்டு நீவுகிறோம். நீவுதலில் அழுத்தம் உண்டு, ஆனால் கை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு திசையில் போய்க்கொண்டே இருக்கிறது. துருவுவது துருவி, இறுக்கிப் பிடிப்பது இடுக்கி. அந்த வழியில் நீவுவது நீவி.

வெறும் ‘முடி நீவி’ என்றால் சீப்போ தூரிகையோ என்று நினைத்துவிடலாம். சூடு பெயரிலேயே இருக்க வேண்டும். ‘வெந்நீவி’ என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் வெந்நீர் காதில் விழுகிறது; தண்ணீரை விரட்டத் தொடங்கி மீண்டும் தண்ணீரிலேயே போய் நிற்கிறோம். ஆகவே ‘சூட்டு நீவி’. சூட்டுக்காயம், சூட்டுக்கோல் போல. சூட்டுக்கோல் மாட்டுக்குக் குறி வைப்பது. அந்த நினைவு சற்றே வந்து எச்சரித்தால் நல்லதுதான்.

‘முடி நேராக்கி’ என்ற சொல்லைப் பலர் ஏற்றார்கள். அதிலுள்ள சிக்கல் வேறு. மருந்து போட்டு நிலையாக நேராக்குவது ஒரு தனித் தொழில். அது முடியின் கந்தகப் பிணைப்புகளை உடைத்து மாற்றிக் கட்டுகிறது. புதிதாக வளரும் முடிதான் பழைய சுருளோடு வரும். சூட்டு நீவியோ ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும் கலைத்து, ஆறும்போது புதிய வடிவில் கூடவிடுகிறது. அதனால்தான் காலையில் நீவிய முடி, மெரினாவின் ஈரக் காற்றில் அரை மணி நின்றால் பழையபடி சுருள்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் வாடிக்கையாளர் கேட்பது ஒன்றாகவும் கிடைப்பது வேறாகவும் போகும். அதிலும் ‘கெரட்டின்’ என்ற பெயரில் செய்யப்படும் சிலவற்றில், பூசிய மருந்தின்மேல் இதே கருவியை ஓட்டும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளிவரும். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் அதை வைத்திருக்கிறது. அடைத்த அறையில் நாள் முழுவதும் அதைச் சுவாசிப்பவர்கள் எங்கள் மாணவிகள். ஆகவே ‘நேராக்கம்’ மருந்து வேலைக்கு, ‘நீவல்’ சூட்டு வேலைக்கு என்று பிரித்துவைக்க விரும்புகிறேன்.

பபுள் ஹேருக்கு வந்த சொற்களில் ‘மயிர்க்கொப்புளம்’ தலைத்தோலில் வரும் கொப்புளமாகத்தான் புரியும். ‘முடிக்குமிழ்’ என்றால் மயிர்க்காலின் அடியில் குமிழாகப் பருத்திருக்கும் பகுதியோடு குழம்பும். குமிழ் வேறு, குமிழி வேறு என்பதை நாம் விட்டுவிடக் கூடாது. ஏரிக்குள் நீர் சுழன்று இறங்கும் மடையைக் குமிழித்தூம்பு என்று பெயரிட்டவர்கள் நம்மவர்கள். நீரும் காற்றும் சேர்ந்து எழுப்புவது குமிழி. எதனால் வந்தது என்பதும் சேர்ந்திருக்கட்டும் என்று ‘ஆவிக்குமிழி’ என்கிறேன். ‘இந்த முடியில் ஆவிக்குமிழி விழுந்திருக்கிறது’ என்று ஒரு பெண் சொன்னால், கேட்டவருக்குக் காரணமும் தெரிந்துவிடும்.

மயிரா, முடியா, கூந்தலா என்ற கிளை விவாதத்தை நான் நீட்டவில்லை. வள்ளுவர் தயங்காமல் ஆண்ட சொல் மயிர்; அதை வசையாக்கியது நம் காலம். மருத்துவப் பகுதியில் மயிர்க்கால் என்று வரும். மற்ற இடங்களில் முடி. ஆண்களும் இந்தக் கருவியைப் பயன்படுத்துவதால் கூந்தல் வேண்டாம்.

கடைசியாக, நான் மிகவும் அஞ்சும் சொல். சூடு வைக்கும் முன் முடியில் தெளிக்கும் திரவத்துக்கு மூவர் ‘வெப்பக் கவசம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அழகான சொல். ஆனால் கவசம் என்றால் உள்ளே எதுவும் நுழையாது என்றல்லவா நினைப்போம்? அந்தத் திரவம் செய்வது அதுவன்று. அதிலுள்ள சிலிக்கோனும் பாலிமரும் இழையின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடு பாயும் வேகத்தைக் குறைக்கின்றன, பரவலாக்குகின்றன, உராய்வையும் குறைக்கின்றன. 230 டிகிரியை அவை தடுத்து நிறுத்துவதில்லை. கவசம் போட்டாயிற்று என்ற துணிவில் சூட்டைக் கூட்டும் பெண்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். செய்யும் வேலை தணிப்பதுதான் என்பதால் ‘சூடு தணிப்பி’ போதும். அதைத் தெளித்த ஈரமும் முழுக்கக் காய்ந்த பிறகே கருவியைத் தொட வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதப்போகிறேன்.

தேங்காய் எண்ணெயைத் தணிப்பியாகச் சொல்லலாமா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். குளிப்பதற்கு முன் தேய்த்தால் முடியின் புரத இழப்பை அது குறைக்கிறது, அதில் ஐயமில்லை. அதைத் தடவிக்கொண்டு 180 டிகிரித் தகட்டை வைப்பது வேறு செயல். எண்ணெயைத் தணிப்பி என்று நான் எழுத மாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏடு அச்சுக்குப் போகிறது. சூட்டு நீவி, நீவல், ஆவிக்குமிழி, சூடு தணிப்பி ஆகிய நான்கையும் இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன். நேற்று வகுப்பில் கரும்பலகையில் எழுதியபோது, ‘நீவி’யை யாரிடமும் விளக்க வேண்டியிருக்கவில்லை, ஒரு பெண் உடனே தன் பின்னலைப் பிடித்து மேலிருந்து கீழாகக் கையை ஓட்டிக் காட்டினாள். ‘தணிப்பி’தான் இரண்டு பேருக்கு நாக்கில் தடுக்கியது. ‘தணிப்பான்’ என்றால் எளிதாக இருக்குமா?

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. முடியை, உடம்பை நீவிவிடுவது என்ற வழக்கு உங்கள் ஊர்களில் இருக்கிறதா, அல்லது தடவுவது, உருவுவது என்றுதான் சொல்வீர்களா? ‘உருவி’ என்றால் எங்கள் பக்கம் வாளை உருவுவதும் மாலையை உருவுவதும் நினைவுக்கு வரும்; முடிக்கு அந்தச் சொல்லை வைக்க மனம் வரவில்லை. வியாழனுக்குள் எழுதினால் மாற்றிக்கொள்ள நேரமிருக்கும்.

அன்புடன்,
அழகுக்கலைப் பயிற்சி ஏட்டின் மொழிபெயர்ப்பாளர்