கல்லூரி ஃபுட்பால் ஆள்சேர்ப்பில் அரசியல்: தரவு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், ஒரு மாநிலத்தின் அரசியல் பள்ளி வீரர்களின் முடிவை மாற்றுகிறதா என்று அளக்க உதவி வேண்டும்.

பணச் சட்டங்களின் பங்கில் எனக்குச் சந்தேகமில்லை. வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2019-இல் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 2021 ஜூலையில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வும் இறங்கிவந்து அதை அனுமதித்தது. அலபாமா, தன் சட்டம் போட்டி மாநிலங்களைவிடக் கெடுபிடியானது என்று 2022-இல் அதையே ரத்து செய்தது. மிசௌரி 2023-இல், உள்மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்திட்டவர் பள்ளியில் இருக்கும்போதே சம்பாதிக்க வழிவிட்டது.

சிக்கல் கருக்கலைப்பு போன்ற மற்ற சட்டங்களில்தான். கருக்கலைப்பு உரிமையை நீக்கி, முடிவை மாநிலங்களிடம் விட்ட அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2022 ஜூன் 24-இல் வந்தது. அந்த டிசம்பரில் கல்லூரியில் சேரக் கையெழுத்திட்ட பலர், தீர்ப்புக்கு முன்பே வாய்மொழியாக ஒப்புக்கொண்டவர்கள். எனவே தீர்ப்புக்குப் பிந்தைய கணக்கை 2023 டிசம்பரிலிருந்து எடுப்பதே சரி. பயிற்சியாளர் மாறிய அணிகளைத் தனியே பிரிக்காவிட்டால் பழியெல்லாம் அரசியல்மேல் விழும். வீட்டிலிருந்து கல்லூரிக்குள்ள தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2019 முதல் 2025 வரை ஒவ்வொரு வீரரின் சொந்தக் கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்றது), திறமைக்குத் தரப்படும் நட்சத்திர மதிப்பீடு, கல்லூரிகளிடமிருந்து வந்த அழைப்புகள் அனைத்தும் உள்ள பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா? சேர்ந்த கல்லூரி மட்டும் போதாது, மறுத்தவையும் வேண்டும். குடும்பத்தின் அரசியல் சார்புக்குக் கவுண்ட்டி வாக்குவிகிதத்தைவிட நல்ல அளவுகோல் இருந்தாலும் சொல்லுங்கள்.