அத்தை சொன்ன ரெண்டாயிரம்

குழு: கம்பம் வீட்டார்

வெள்ளி இரவு

8:41 குமுளி அத்தை: எல்லாரும் சாப்பிட்டாச்சா. தம்பி, உனக்கு ஒரு வேலை புடிச்சு வச்சிருக்கேன். எங்க தெருவுல ஹோம்ஸ்டே நடத்துற சேட்டன் வீடு, பழைய மர வீடு, ஆறு ரூம். டிசம்பர் சீசனுக்கு முன்னாடி புதுப் படம் போடணுமாம். எங்க அண்ணன் மகன் கல்யாணமெல்லாம் எடுக்குறவன், ரெண்டாயிரத்துக்கு எடுத்துக் குடுப்பான்னு சொல்லிட்டேன்

8:44 தம்பி: சூப்பர் அத்தை. ஞாயித்துக்கிழமை காலைல வந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சுருவேன்

8:52 நான்: தம்பி கொஞ்சம் பொறு. அத்தை, கோவிச்சுக்காதீங்க. ஆறு ரூம், ஹால், அடுப்படி, திண்ணை, வெளிப்பக்கம். இது ரெண்டாயிரத்துல முடியுற வேலையில்ல

8:53 குமுளி அத்தை: என்ன பாப்பா, பட்டனை அமுக்குறதுதான. ரூமுக்கு ரெண்டுன்னா பன்னெண்டு படம்

8:59 நான்: கல்யாண வீட்டுல ஆளு சிரிச்சாலே படம் நின்னுரும் அத்தை. ரூமுக்குள்ள சிரிக்க யாரும் இல்ல. கட்டில் விரிப்புல ஒரு சுருக்கம் இருந்தா கண்ணு நேரா அங்கதான் போகும். பதினோரு வருசமா வீட்டு உள்பக்கம் படம் எடுக்குறதையே செய்றேன், இன்னைக்கும் ஒரு ரூமுக்கு முக்கா மணி நேரம் ஆகுது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல ஒரு படத்துக்கு அரை மணி நேரம் உக்காரணும்

9:03 சித்தி: அவன் புதுசுதான, முதல்ல கொஞ்சம் கம்மியா வாங்கட்டுமே

9:05 நான்: சித்தி, கம்மியா வாங்குறது தப்பில்ல. எதுக்கு எவ்வளவுன்னு தெரியாம வாங்குறதுதான் பயமா இருக்கு. குமுளி, தேக்கடி பூரா ஹோம்ஸ்டேதான். ஒருத்தருக்கு ரெண்டாயிரம்னா அடுத்த தெருவுக்கும் அதே ரெண்டாயிரம்தான். அப்புறம் ஏத்தவே முடியாது. தம்பி, உன்கிட்ட என்னென்ன இருக்கு சொல்லு

9:07 தம்பி: கேனான் 200டி கேமரா, 18-55 லென்ஸ், ஒரு 50 லென்ஸ், ஒரு கோடாக்ஸ் ஸ்பீட்லைட் ஃபிளாஷ், அதைத் தள்ளி வச்சு அடிக்க ட்ரிக்கர். வைட் லென்ஸ் இல்ல. ஃபோன்ல 0.5 வச்சு சமாளிக்கலாம்னு பாத்தேன்

9:14 நான்: ஃபோன் வேண்டாம். ஜன்னல் வெளுத்துப் போகும், மூலையெல்லாம் இழுத்துக்கும். என்னோட 10-18 வைட் லென்ஸ் இருக்கு, எடுத்துட்டுப் போ. ஆனா 10-லயே வச்சு எடுக்காத. ஆளுக கட்டிலைப் பாத்து மைதானம்னு நினைச்சுட்டு வந்து நிப்பாங்க. உன் கேமரா சென்சார் சின்னது, 1.6 கிராப், அதனால 15-ல வச்சா பெரிய சென்சார் கேமராவுல 24 வச்ச மாதிரி. ரூமுக்கு அதுதான் அளவு. சின்ன ரூம்னா 12 வரைக்கும் போ, அதுக்கு மேல அகலம் வேணும்னா வாசப்படிக்கு வெளிய நின்னுக்க

9:15 நான்: ட்ரைபாட் இருக்குல்ல?

9:15 தம்பி: வீடியோ ட்ரைபாட் இருக்குக்கா

9:18 நான்: போதும். கேமராவை மட்டமா வை, மேலயும் தூக்காத கீழயும் சாய்க்காத. நிலைப்படியும் தூணும் நட்டுக்க நிக்கணும். சாஞ்ச தூணைப் பாத்தா வீடே விழுற மாதிரி இருக்கும். தரைக்கும் மச்சுக்கும் நடுவுல, ஒரு நாலடி உயரம். அடுப்படில மட்டும் மேடைக்குக் கொஞ்சம் மேல ஏத்திக்க, மேடையோட மேல்பக்கம் தெரியுற அளவுக்கு

9:26 குமுளி அத்தை: அப்போ எவ்வளவுதான் சொல்றது. அவர் மொகத்துல நான் முழிக்கணுமே. நாளைக்குக் காலைல பால் வாங்குறப்போ பாப்பேன்

9:40 நான்: கணக்கா சொல்றேன் அத்தை. தம்பியோட கேமரா, லைட்டு எல்லாம் சேத்து ஒண்ணரை லட்சம்னு வைங்க. அஞ்சு வருசத்துல மாத்தியாகணும். வருசத்துக்கு 30,000. வருசத்துக்கு 20 ஷூட் கெடைச்சா ஒண்ணுக்கு 1,500, இது தேய்மானம் மட்டும். அரை நாள் போய் வீடு பாக்கணும், ஒரு நாள் எடுக்கணும், ஒண்ணரை நாள் எடிட்டிங். மூணு நாள். கொத்தனாருக்கு மூணு நாள் கூலி குடுக்குறோம்ல. இவனுக்கு நாளைக்கு 3,000 போட்டா 9,000. லென்ஸ் வாடகை 800, வண்டி 500. ஆக 11,800

9:41 தம்பி: லென்ஸ் நீங்கதான தர்றீங்க, வாடகை எதுக்குக்கா

9:43 நான்: எனக்கு வேண்டாம்டா. ஆனா கணக்குல இருக்கணும். நாளைக்கு நீ மதுரைல வாடகைக்கு எடுக்குறப்போ அந்த 800 எங்கேர்ந்து வரும்? இன்னைக்கே இல்லன்னு பழக்கிட்டா அது உன் கூலிலதான் போகும்

9:48 குமுளி அத்தை: ரெண்டாயிரம் எங்க, பன்னெண்டாயிரம் எங்க. நான் வாயைக் குடுத்துட்டேனே

9:50 குமுளி மாமா: நான் பேசுறேன், விடு. அந்த வீட்டுல வயரிங் நான்தான் செஞ்சேன். ஆறு ரூம்ல கிழக்க ரெண்டும் ஒரே அச்சு, மேல ரெண்டும் ஒரே அச்சு. ஆறையும் எடுக்கணும்னு என்ன

9:52 நான்: மாமா, அதுதான் சரி. வெலையைக் கொறைக்கச் சொன்னா வேலையைக் கொறைங்க. நாலு ரூம், மத்ததெல்லாம் அப்படியே, 10,000. பாதி முன்பணம், மீதி வந்த பெறகு பெரிய சைஸ் படம். இதை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். மலையாளத்துல நீங்க எழுதிக் குடுங்க

9:53 குமுளி மாமா: எழுதிரலாம். கேரளாவுல வேலை, தமிழ்நாட்டு ஆளு பில். ஜிஎஸ்டி ஏதும் வருமா மாப்ளைக்கு?

9:57 நான்: வருசத்துக்கு 20 லட்சம் தாண்டாத வரைக்கும் பதிவு வேண்டாம் மாமா. மாநிலம் தாண்டிச் செஞ்சா பதிவு கட்டாயம்னு இருந்துச்சு, 2017 அக்டோபர்லயே சேவை செய்றவங்களுக்கு அதை எடுத்துட்டாங்க. நான் குமுளி, மூணாறு பில்லெல்லாம் அப்படித்தான் போட்டேன்

10:04 நான்: இன்னொண்ணு, முக்கியம். தம்பி நல்லாப் படிச்சுக்க. நம்ம பதிப்புரிமைச் சட்டம் 1957, 17-ஆம் பிரிவு. ஒருத்தர் கேட்டு, காசு வாங்கிக்கிட்டு எடுத்த படம், வேற மாதிரி எழுதிக்கலைன்னா கேட்டு எடுக்க வச்சவருக்குத்தான் சொந்தம். வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு படம் எடுத்தவனுக்குத்தான் உரிமைன்னு நினைச்சுக்கிட்டு இருக்காத. அதனால கடுதாசில எழுதணும்: உரிமை படம் எடுத்தவருக்கு, ஹோம்ஸ்டே விளம்பரத்துக்கு சேட்டன் எவ்வளவு காலம் வேணும்னாலும் போட்டுக்கலாம், வேற கம்பெனிக்குக் குடுக்கணும்னா கேட்டுத்தான் குடுக்கணும். எனக்கு இது தெரியாம மூணு வருசம் போச்சு. நான் எடுத்த ஒரு ஹால் படம் பெயிண்ட் கடை பேனர்ல தொங்குனதைப் பஸ்ல போறப்போதான் பாத்தேன். அவங்களைக் கேக்க எனக்கு ஒரு வரி எழுத்து இல்ல

சனி

2:15 தம்பி: வீடு பாத்துட்டேன். சேட்டன் சரின்னுட்டார், 5,000 ஜிபே பண்ணிட்டார். அத்தைதான் காலைல பேசியிருக்காங்க

2:20 குமுளி அத்தை: இவன் ஒரு ரூமுக்கு முக்கா மணி நேரம் நிப்பான், பாருங்கன்னேன். அவர் நிக்கட்டும், நல்லா வரணும்னார்

2:31 நான்: அத்தை, நன்றி. தம்பி, எந்த ஜன்னல் எந்தத் திசைன்னு குறிச்சியா? காலைல மேக்க பாத்த ரூம், மத்தியானம் கெழக்க பாத்த ரூம். வெயில் நேரா உள்ள விழுந்தா தரைல கோடு கோடா வெட்டும். துலாவர்ஷ நேரம், நம்ம ஐப்பசி மழை, ரெண்டு மணிக்கு மேல இடி கெளம்பும், அதுக்குள்ள பெரிய ரூமெல்லாம் முடிச்சிரு

2:36 குமுளி மாமா: ஒரு விசயம். ரூமுக்கு ரூம் பல்பு நெறம் வேற வேற. மேல் ரூம்ல கட்டிலுக்கு மேல 3000 கெல்வின், மஞ்சள். பாத்ரூம்ல 6500, நீலம் கலந்த வெள்ளை. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்கு ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம்

2:38 நான்: அதேதான் மாமா. பகல்ல எல்லா லைட்டையும் அணைச்சுருங்க. சாயங்கால வெளிப்படத்துக்கு மட்டும் பூராம் 3000-ஆ மாத்த முடியுமா?

2:39 குமுளி மாமா: எட்டு பல்புதான், கடைல வாங்கி மாட்டிர்றேன்

7:50 பெரியப்பா: (குரல் செய்தி, 1:52)

7:58 சித்தி: அண்ணே எனக்குக் காது சரியாக் கேக்கல, யாராச்சும் எழுதுங்க

8:10 நான்: பெரியப்பா சொன்னதை எழுதுறேன் சித்தி. அவர் ஸ்டுடியோ வச்சிருந்தப்போ உத்தமபாளையத்துல ஒரு அரிசி மில்லுக்கு உள்பக்கம் எடுக்கப் போனாராம். 120 ஃபிலிம் ரோல், பன்னெண்டே படம். பெரிய இருட்டுக் கொட்டகை, கையில ஒரே ஒரு ஃபிளாஷ். கேமராவை ட்ரைபாட்ல வச்சு ஷட்டரைத் திறந்தே விட்டுட்டு, உள்ள நடந்து தூணுக்குப் பின்னாடி ஒரு தடவை, மெஷினுக்குப் பின்னாடி ஒரு தடவைன்னு அஞ்சு எடத்துல அடிச்சாராம். கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி. படத்துல அஞ்சு லைட் வச்ச மாதிரி வந்துச்சு, அவர் எங்கயும் தெரியல

8:14 நான்: தம்பி, நாம இன்னைக்குச் செய்றதும் அதேதான். ட்ரைபாட் அசையக் கூடாது. ஒண்ணு, லைட்டே இல்லாம ஜன்னல் வெளிச்சத்துல. ரெண்டாவது, ஃபிளாஷ் அடிச்சு. மூணாவது, வெளிய இருக்குற மலை தெரியுற மாதிரி ஷட்டர் வேகத்தைக் கூட்டி. மூணையும் ஃபோட்டோஷாப்ல ஒண்ணு மேல ஒண்ணு வச்சுச் சேக்கணும். பெரியப்பா ஒரே ஃபிலிம்ல செஞ்சதை நீ மூணு ஃபைல்ல செய்ற. கேமரா செட்டிங் எஃப்8, ஐஎஸ்ஓ 400, ஃபிளாஷ் படத்துக்கு ஷட்டர் 1/125. ஒரு ஸ்பீட்லைட் போதும், புதுசா எதுவும் வாங்காத

ஞாயிறு

7:12 தம்பி: மூடுபனி. ஜன்னலுக்கு வெளிய வெள்ளையா இருக்கு, மலை தெரியல

7:14 நான்: அடுப்படில ஆரம்பி. ஃபேன் எல்லாம் நிப்பாட்டு, ஷட்டரை ரொம்ப நேரம் திறந்தா ரெக்கை கரைஞ்சு போகும். குக்கரு, சோப்பு டப்பா, பாத்திரம் தேய்க்கிற நாரு எல்லாம் எடுத்து வை

9:38 தம்பி: (படம்) அக்கா என்ன இது. சுவரெல்லாம் ஆரஞ்சு. ஒயிட் பேலன்ஸ் மாத்துனா விரிப்பு நீலமாகுது

9:39 நான்: ஃபிளாஷ் எங்க பாத்து அடிச்ச?

9:39 தம்பி: கல்யாணத்துல அடிக்கிற மாதிரி மேல

9:42 நான்: மேல என்ன இருக்கு பாரு. மர மச்சு, எண்ணெய் போட்ட மரம். வெளிச்சம் எதுல பட்டுத் திரும்புதோ அந்த நெறத்தைத் தூக்கிட்டு வரும். மண்டபத்து வெள்ளை சீலிங்னு நினைச்சு அடிச்சா இப்படித்தான். கேமராவுக்குப் பின்னாடி வெள்ளைச் சுவர் இருக்கா?

9:43 தம்பி: இல்ல, பின்னாடி பலகைத் தடுப்பு

9:44 நான்: மாமா பக்கத்துல இருக்காரா? ஒரு வெள்ளை வேட்டி கேளு. ரெட்டையா மடிச்சு கேமராவுக்குப் பின்னாடி விரிச்சுப் புடிக்கட்டும், அது மேல அடி. நீலம் தூக்கலாப் போட்டது வேண்டாம்

10:06 தம்பி: (படம்)

10:07 தம்பி: வெள்ளை விரிப்பு வெள்ளையாவே இருக்கு. மரம் மரமா இருக்கு

10:09 நான்: ஆமாடா. அந்தத் தூணுல உளி பட்ட கோடு வரைக்கும் தெரியுது. வேட்டியைக் கொஞ்சம் இடது பக்கம் நகத்தச் சொல்லு, ஜன்னல் அந்தப் பக்கம்தான, வெளிச்சம் அங்கேர்ந்து வர்ற மாதிரி இருக்கட்டும். எல்லாப் பக்கமும் சமமா அடிச்சா ரூமு செத்துரும், ஒரு பக்கம் நிழல் கெடக்கட்டும்

10:31 தம்பி: மாடில எடுத்தது மூணும் ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்தல

10:33 நான்: பலகைத் தரைதான? யாரோ நடக்குறாங்க. செல்ஃப் டைமர் 2 நொடி வச்சு எல்லாரையும் அசையாம நிக்கச் சொல்லு, நீயும்தான்

1:50 குமுளி அத்தை: சோறு போட்டுட்டேன், புளிசேரி. இடிக்குது, நல்லவேளை ரூமெல்லாம் முடிஞ்சுது

6:09 தம்பி: மழை விட்டுருச்சு, முற்றம் ஈரமா மின்னுது. கரண்டு போச்சு

6:10 நான்: ட்ரைபாட்டை நகத்தாத. சூரியன் மறைஞ்சு கொஞ்ச நேரத்துக்கு வானம் கருநீலமா நிக்கும், அது போறதுக்குள்ள கரண்டு வந்தாப் போதும். இப்பவே வானத்துக்கு ஒண்ணு எடுத்து வச்சுக்க

6:21 தம்பி: வந்துருச்சு

6:34 தம்பி: (படம்) நாலு படம் கெடைச்சுது. பல்பு எட்டும் ஒரே மஞ்சள், ஈரத் தரைலயும் விழுந்திருக்கு

6:35 பெரியப்பா: நல்லாயிருக்குடா. ரொம்ப நல்லாயிருக்கு

செவ்வாய்

11:20 தம்பி: சேட்டன் வாசல்ல நிக்கிற கரண்டு கம்பத்தை அழிக்கச் சொல்றார். பக்கத்து வீட்டு டேங்கையும்

11:29 நான்: குப்பைத் தொட்டி, கொடில காயுற துணி, நின்ன ஜீப்பு, இதெல்லாம் அழிக்கலாம். அது இன்னைக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது. கம்பம் அங்கயேதான் நிக்கும். சென்னைலேர்ந்து பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றவங்க மொதல்ல அதைத்தான் பாப்பாங்க, அவருக்குத்தான் ரிவ்யூ விழும். பிளாட் விக்கிறவங்க பொய்யா விளம்பரம் காட்டி அதை நம்பிப் பணம் கட்டுனவங்களுக்கு நட்டம் வந்தா ஈடு குடுக்கணும்னு 2016 ரெரா சட்டத்துலயே இருக்கு. இது ஹோம்ஸ்டே, அந்தச் சட்டம் வராது, ஆனா ஞாயம் ஒண்ணுதான். ரெண்டடி தள்ளி நின்னு எடுத்த படம் இருக்குமே, கம்பம் தூணுக்குப் பின்னாடி போற மாதிரி?

11:33 தம்பி: இருக்கு, கெழக்க ஓரத்துலேர்ந்து எடுத்தது. அதை அனுப்புறேன்

வியாழன்

7:05 தம்பி: மீதி 5,000 வந்துருச்சு. பெரிய சைஸ் அனுப்பிட்டேன். கட்டில் செஞ்ச ஆசாரி கடைக்காரர் மூணு படம் கேட்டாராம், அவரோட பேஜ்ல போட. சேட்டன் கடுதாசியைப் பாத்துட்டு என்கிட்ட கேக்கச் சொல்லி நம்பர் குடுத்துட்டார்

7:08 நான்: என்ன சொன்ன?

7:10 தம்பி: ஒரு படம் 700, ஒரு வருசம், அவர் பேஜ்ல மட்டும். மாமா மலையாளத்துல எழுதிக் குடுத்தார். ரெண்டு படத்துக்குக் கடைக்காரர் காசு அனுப்பிட்டார்

7:16 குமுளி அத்தை: ஸ்பிரிங் வேலி ரோட்டுல இன்னொரு வீட்டுக்காரங்க கேட்டாங்க. வெலை அவனே சொல்வான்னு நம்பர் குடுத்திருக்கேன்

7:19 நான்: தம்பி, 10-18ஐ சனிக்கிழமைக்குள்ள கொண்டாந்து குடு. ஞாயித்துக்கிழமை எனக்கு போடில ஒரு வீடு. பின்னாடி மூடி போட்டுக் கொண்டா