ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தேசியத் தரச் சான்று: மதிப்பீட்டுக் குழு போன பிறகு என்ன மிஞ்சும்?

கேள்வி (மருத்துவ அலுவலர்):
எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் மாநில மதிப்பீட்டில் தேறி, என்.க்யூ.ஏ.எஸ். (அரசு மருத்துவ நிலையங்களுக்கான தேசியத் தர உறுதி நெறிகள்) தேசியச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் நிலையில் உள்ளது. ஆனால் சில மாதங்களாகச் செவிலியர்களும் மருந்தாளுநரும் பதிவேடு எழுதுவதிலேயே மூழ்கிக் கிடப்பதால், இந்த உழைப்பு நோயாளிக்குப் பயன்படுகிறதா என்ற ஐயம் எனக்கு எழுந்துள்ளது. சான்று பெற்ற நிலையங்களில் பணியாற்றுவோர் தங்கள் அனுபவத்தைக் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மதிப்பீட்டாளர்):
டாக்டர், பதிவேட்டைப் பார்ப்பது நான்கு வழிகளில் ஒன்றுதான். நேரில் கவனிப்பதும், ஊழியரிடமும் நோயாளியிடமும் கேட்டறிவதும் மற்றவை. ஒவ்வொரு சோதனைப் புள்ளிக்கும் 0, 1, 2 என்றே மதிப்பெண் தருகிறோம். தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைக் காலையும் மாலையும் குறிக்க வேண்டும். மாதம் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் "4" என்று எழுதியிருந்தால், அது ஒரே மூச்சில் நிரப்பப்பட்டது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். அப்போது நான் தாளை மூடிவிட்டு, மின்சாரம் நின்றால் தடுப்பூசியை என்ன செய்வீர்கள் என்று செவிலியரிடம் கேட்பேன்.

மறுமொழி 2 (செவிலியர்):
ஐயா சொல்வது சரிதான். ஆனால் பிரசவம், தடுப்பூசி, சர்க்கரை நோயாளிகள் என எல்லாவற்றையும் ஒரே செவிலியர் பார்க்கும் இடத்தில், ஒரே விவரத்தை மூன்று பதிவேடுகளில் எழுதச் சொன்னால் அந்த "4" வரத்தான் செய்யும். எங்கள் நிலையத்தில் ஒரே செய்தியைக் கேட்கும் பதிவேடுகளை ஒன்றாக்கிய பிறகுதான் மூச்சு விட முடிந்தது. காலிப் பணியிடத்தை எந்தச் சான்றும் நிரப்பாது.

மறுமொழி 3 (பொதுச் சுகாதாரத் துறை):
என் குறை வேறு. மதிப்பீட்டின் எட்டுப் பகுதிகளில் கடைசியான "விளைவு" பகுதியைத்தான் பலரும் அவசரமாக நிரப்புகிறார்கள். சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், இடையில் ஆண்டுதோறும் மாநிலக் குழு கண்காணிக்கும் என்பதால், ஒரே ஒரு விளைவைத் தேர்ந்துகொண்டு தொடர்ந்து அளவிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரை வாங்க வராதவர்களை மாதந்தோறும் எண்ணி, கூலி வேலைக்குப் போவதால் காலையில் வர இயலவில்லையா, மருந்து இருப்பில் இல்லையா என்று காரணம் கண்டு, ஒரு மாற்றம் செய்து, மறுபடியும் எண்ணிப் பாருங்கள். வீடு தேடி மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களிடமே பாதிப் பட்டியல் இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பதிவேடுகளை ஒன்றாக்குவதை இந்த வாரமே தொடங்குகிறோம். மாத்திரைக் கணக்கில், இடம் பெயர்ந்தவர்களையும் வராதவர்களாகச் சேர்க்கலாமா?

மறுமொழி 3:
சேர்க்க வேண்டாம், தனி நெடுவரிசையில் எழுதுங்கள். ஆனால் இடம் பெயர்ந்ததைக் கிராம சுகாதார செவிலியர் நேரில் உறுதி செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் வராதவர்கள் எல்லாரும் அந்த நெடுவரிசைக்குக் குடிபோய்விடுவார்கள்.