மறு: லேமேன், லெயிட்டி – ‘பாமரர்’ வேண்டாம், சரி, வேறு என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக ‘லே’, ‘லேமேன்’, ‘லெயிட்டி’ என்ற ஆங்கிலச் சொற்களுக்கு, அதாவது மதத்தில் குருவோ துறவியோ அல்லாதவருக்கும் ஒரு துறையில் தொழில்முறை வல்லுநர் அல்லாதவருக்கும், தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘பாமரர்’ புழக்கத்தில் இருக்கிற சொல்தானே, அதையே வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

ஐயா, பேச்சில் இருக்கட்டும். கலைச்சொல்லாக வைத்தால் எங்கே இடிக்கும் என்று ஒரு இடத்தை மட்டும் காட்டுகிறேன். மருந்து ஆய்வுகளை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுக்கள் இருக்கின்றன அல்லவா? நம் நாட்டில் 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் பற்றிய விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும். அதில் ஒருவர் கட்டாயம் ‘லே பர்சன்’. அவர் இல்லாமல் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையே நிரம்பாது. 2017-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல் இன்னும் விவரமாகச் சொல்கிறது: அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும், கடந்த 5 ஆண்டுகளில் மருத்துவம் சார்ந்த தொழிலில் இருந்திருக்கக் கூடாது, உள்ளூர் மொழியும் பழக்கவழக்கமும் அறிந்தவராக இருக்கவேண்டும். ஒப்புதல் படிவத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும், ஆய்வுக்கு உட்படப்போகிறவர் எந்தக் கண்ணால் பார்ப்பாரோ அந்தக் கண்ணால் பார்ப்பது அவர் வேலை.

இப்போது அந்த நாற்காலிக்கு முன்னால் ‘பாமர உறுப்பினர்’ என்று பெயர்ப்பலகை வைத்துப் பாருங்கள். யார் வந்து உட்காருவார்? ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் வந்தால் அவரையும் பாமரர் என்போமா? வடமொழியில் ‘பாமர’ என்பதற்கு இழிந்தவன், மூடன் என்றுதான் பொருள். தமிழில் அந்தக் கூர் மழுங்கி ‘படிக்காத எளிய மனிதர்’ என்று ஆகியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழுவில் அவர் இருப்பது அறியாதவர் என்பதற்காக இல்லை, அந்தத் துறைக்கு வெளியே நிற்கிறார் என்பதற்காக. வெளியே நிற்பதுதான் அங்கே தகுதி.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. கிரேக்கத்தில் இதற்கு இரண்டு வேர் உண்டு. ஒன்று ‘லாவோஸ்’, மக்கள். லெயிட்டி அங்கிருந்து வந்தது. இன்னொன்று ‘இடியோடெஸ்’, அதாவது பதவி, பயிற்சி எதுவும் இல்லாத தனிமனிதர். ஆங்கிலத்தில் அது ‘இடியட்’ என்று போய் நின்றது. பழைய தமிழ் விவிலியத்தில் இந்த இரண்டாவது சொல்லைத் தேடிப் பாருங்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 14-ஆம் அதிகாரத்தில் அது ‘கல்லாதவன்’. அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில், பேதுருவையும் யோவானையும் பற்றிச் சொல்லும்போது, ‘பேதைமையுள்ளவர்கள்’. நிலையைச் சொன்ன சொல் இரண்டு இடத்திலும் குறையைச் சொல்லும் சொல்லாக இறங்கிவிட்டது. மொழிபெயர்த்தவர்கள் பொறுப்பில்லாதவர்கள் இல்லை. வழுக்கும் இடம் அது, அவ்வளவுதான்.

> மதம், அறிவுத்துறை இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும். ஆங்கிலத்தில் ஒன்றே போதுமாக இருக்கிறதே.

அக்கா, இங்கேதான் நான் உங்களோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. மதத்துக்குள்ளேயே அது ஒரு சொல்லாக இல்லை.

சமணத்தை எடுங்கள். அவர்கள் சங்கம் நான்கு கால் கொண்டது: துறவியர், பெண் துறவியர், சாவகர், சாவகியர். இல்லறத்தார் சங்கத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை, அதன் பாதி. நோன்புகளும் அதே ஐந்துதான், அளவுதான் வேறு. துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். துறவிக்கு முழுப் பிரமசரியம் என்றால் சாவகருக்குத் தன் துணையோடு நிற்பது. துறவிக்கு உடைமையே கூடாது என்றால் சாவகருக்கு உடைமைக்கு ஒரு வரம்பு. தமிழில் இந்தச் சொல் மிகப் பழையது. மதுரைக்காஞ்சியில் பூவும் புகையும் கொண்டு சாவகர் வழிபடுகிறார்கள். சிலம்பில் கொலைக்களக் காதையில் கோவலனைப் பற்றி ‘சாவக நோன்பிகள் அடிகள் ஆதலின்’ என்று வருகிறது, ஆகவே பகலிலேயே உணவு ஆக்குவதற்கான நல்ல கலங்களைத் தாமதிக்காமல் கொடுங்கள் என்று அது தொடரும். கவனியுங்கள், கோவலன் துறவி இல்லை, ஆனால் அவன் வீட்டு அடுப்பு எப்போது எரியவேண்டும் என்பதை நோன்பு முடிவு செய்கிறது. இவரைப் ‘பாமரர்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. ‘சமயப் பயிற்சி இல்லாதவர்’ என்றாலும் பொய்யாகிவிடும். சாவகர் என்பதன் வடமொழி வடிவமான ‘சிராவகர்’ என்றால் கேட்பவர். அறத்தைக் கேட்டு நடப்பவர், அவ்வளவுதான், அதில் இல்லாமை எதுவும் இல்லை.

பௌத்தத்தில் உபாசகர், உபாசிகை. அங்கேயும் கோடு நேராக இல்லை. கடந்த நூற்றாண்டில் விபாசனா தியானம் துறவு மடங்களுக்கு வெளியே பரவியதில் பெரிய பங்கு ஊ பா கின் என்ற பர்மியருக்கு உண்டு. அவர் பிக்கு இல்லை, பர்மா அரசின் தலைமைக் கணக்காளர். 1952-இல் ரங்கூனில் தியான மையம் தொடங்கினார். விபாசனாவை உலகெங்கும் கொண்டுபோன கோயங்கா அவரிடம் கற்றவர், அவரும் வணிகக் குடும்பத்து இல்லறத்தார். துறவு நிலையில் பார்த்தால் இருவரும் ‘லே’. தியானத்தில் பார்த்தால் ஆசான்கள். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கிறது, அதனால்தான் ‘துறவு பூணாதவர்’ என்ற பொருளையும் ‘வல்லுநர் அல்லாதவர்’ என்ற பொருளையும் ஒரே தமிழ்ச் சொல்லில் கட்டிப்போடக் கூடாது என்கிறேன்.

கத்தோலிக்கத்தில் வேறு மாதிரிச் சிக்கல். அங்கே தமிழில் சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது: பொதுநிலையினர். குருக்கள், துறவியர், பொதுநிலையினர் என்று மூன்றாகப் பிரிப்பது 2-ஆம் வத்திக்கான் சங்கத்தின் (உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பேரவை) 1964-ஆம் ஆண்டுத் திருச்சபை பற்றிய ஏட்டில் இருக்கிற பிரிப்பு. ஆனால் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் திருப்பட்டம் (திருப்பணிக்கான அருட்பொழிவு) பெற்றவர், பெறாதவர் என்று இரண்டாகவும் பிரிக்கிறது, அந்தக் கணக்கில் கன்னியர் மடத்துச் சகோதரியும் பொதுநிலையினரே. அப்புறம், சாவு நெருங்கிய அவசரத்தில் யார் வேண்டுமானாலும், திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவர்கூட, சரியான நோக்கத்தோடு திருமுழுக்கு கொடுக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த நிமிடத்தில் யார் வல்லுநர், யார் பொது?

இஸ்லாத்தில் திருப்பட்டம் என்ற ஒன்றே இல்லை, தொழுகை நடத்த ஓதத் தெரிந்தவர் போதும். பிரிவு கற்றவருக்கும் மற்றவருக்கும் இடையிலானது. சைவத்தில் கோயிலில் உலகுக்காகச் செய்யும் பரார்த்த பூசைக்கும் தீட்சை பெற்றவர் தனக்காகச் செய்யும் ஆன்மார்த்த பூசைக்கும் இடையில் கோடு விழுகிறது. இவற்றை நீட்டவில்லை, அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

ஆக மதத்துக்கு என் பரிந்துரை, புதிதாக எதையும் ஆக்க வேண்டாம் என்பது. சமணம் என்றால் சாவகர், பௌத்தம் என்றால் உபாசகர், கிறித்தவம் என்றால் பொதுநிலையினர். பல மதங்களை ஒப்பிட்டு எழுதும் கட்டுரையில் மட்டும் ஒரு குடைச்சொல் வேண்டியிருக்கும், அங்கே ‘இல்லறத்தார்’ பாதி இடங்களில் பொருந்தும், பாதியில் பொருந்தாது. மணமாகாத பொதுநிலையினர் எத்தனையோ பேர் இருக்கிறார்களே.

இனி அறிவுத்துறைகள். உண்மையில் புதிதாகச் சொல் தேவைப்படுவது இங்கேதான்.

> ‘துறைசாரார்’ என்று வைக்கலாமே. யாரையும் தாழ்த்தவில்லை.

நல்ல சொல். இதய மருத்துவர் நீதிமன்றத்துக்குப் போனால் சட்டத்தில் துறைசாரார், வழக்கறிஞர் மருத்துவமனைக்குப் போனால் மருத்துவத்தில் துறைசாரார்; ஆளைப் பற்றிய முத்திரையாக இல்லாமல் துறையைப் பொறுத்து மாறுகிறது. ‘லே ரீடர்’ என்கிற இடத்தில் துறைசாரா வாசகர் என்று நானே போட்டுக்கொள்வேன். ஆனால் அது எதைச் சாரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. எதைச் சார்ந்து வந்தார் என்று சொல்வதில்லை.

நீதிமன்றச் சாட்சியையே பாருங்கள். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 45-ஆவது பிரிவு வல்லுநர் கருத்தைப் பற்றியது: அந்நியச் சட்டம், அறிவியல், கையெழுத்து, விரல்ரேகை. இரண்டு பிரிவு தள்ளி 47-ஆவது பிரிவு, ஒருவர் எழுதுவதை நேரில் பார்த்துப் பழகியவரோ, அவரிடமிருந்து கடிதங்கள் பெற்றுவந்தவரோ, அந்தக் கையெழுத்து அவருடையதா என்று கருத்துச் சொல்லலாம் என்கிறது. (2023-இல் வந்த புதிய சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன, ஏற்பாடு அப்படியே இருக்கிறது.) உருப்பெருக்கியோடு வருகிறவர் கருத்தும் செல்லும், வருடக்கணக்கில் கடிதம் வாங்கியவர் கருத்தும் செல்லும். இந்த இரண்டாமவர் கையெழுத்தியல் துறையைச் சாராதவர், வாஸ்தவம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட கையை அவர் அறிவார், சட்டம் அதை அறிவு என்று ஏற்கிறது.

இதற்குத் தமிழில் கைவசம் ஒரு சொல் இருக்கிறது: பட்டறிவு. ‘லே எக்ஸ்பர்டிஸ்’ (துறைக்கு வெளியே நிற்பவரிடம் இருக்கும் வல்லமை) என்று சமூகவியலில் சொல்கிறார்களே, அதற்கு இதைப் போடலாம் என்று இந்த இழையிலேயே ஒருவர் சொல்லியிருந்தார். பாதி சரி. செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு 1986 ஜூனில் இங்கிலாந்தின் கும்பிரியா மலைப்பகுதியில் ஆட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது, விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, மூன்று வாரத்துக்கு மட்டும் என்றார்கள். கதிரியக்கச் சீசியம் மண்ணில் பூட்டிக்கொள்ளும் என்பது அறிஞர்கள் கணக்கு. அந்தக் கணக்கு களிமண்ணுக்குச் சரி. மலையில் இருந்ததோ புளிப்பேறிய கரிமண் (மக்கிய செடிகொடிகளால் ஆன மண்), அதில் சீசியம் மறுபடி மறுபடி புல்லுக்கு ஏறி ஆட்டுக்குள் போனது. கட்டுப்பாடு முழுக்க நீங்கியது 2012-இல். இடையில் ஒரு சோதனைக்காக ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு அடைத்தால் இளைத்துப் போகும், உங்கள் அளவீடே கெட்டுவிடும் என்று வளர்ப்பவர்கள் சொன்னார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, கடைசியில் அந்தச் சோதனையைக் கைவிட்டார்கள். இது அச்சு அசல் பட்டறிவு.

ஆனால் எய்ட்ஸ் நோயாளிகள் இயக்கத்தை எடுங்கள். 1988 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வாசலை முற்றுகையிட்டவர்களில் பலர் அத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. நோய்த்தடுப்பியல், வைரசியல், ஆய்வு வடிவமைப்பு என்று உட்கார்ந்து படித்தார்கள், ஆய்வாளர்களோடு அவர்கள் மொழியிலேயே வாதாடினார்கள், சில ஆண்டுகளில் ஆய்வுக் குழுக்களுக்குள்ளேயே இடம்பிடித்தார்கள். வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடும் ஆய்வுகளில் நோயாளிகள் மாத்திரையைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பட்டறிவால் தெரிந்தது, சரி. ஆனால் அதனால் புள்ளிவிவரம் எப்படிக் கெடும், அதற்கு மாற்றாக எப்படி வடிவமைக்கலாம் என்பது படிப்பறிவு. பட்டம் மட்டும்தான் இல்லை. ஆகவே ‘லே எக்ஸ்பர்டிஸ்’ முழுவதையும் பட்டறிவு என்று சொன்னால் இவர்கள் படித்த படிப்பை மறைத்துவிடுவோம், நீங்கள் உங்கள் வலியை மட்டும் சொல்லுங்கள், கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிற அதே தோரணைதான் சொல்லுக்குள் வந்து உட்காரும்.

எனவே நான் ‘பொதுநிலை’யைப் பெயரடையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். பொதுநிலை உறுப்பினர், பொதுநிலைச் சாட்சி, பொதுநிலை வல்லமை. நிலை என்பது ஒருவர் நிற்கும் இடம். அறிவின் அளவைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. பொதுநிலை வல்லமைக்குள் ஒரு வகையாகப் பட்டறிவு அடங்கும்.

> அது கிறித்தவச் சொல்லாக ஒலிக்கிறது.

ஒலிக்கட்டும் ஐயா. ‘ஊழியம்’, ‘பிரசங்கம்’ எல்லாம் எங்கெங்கோ இருந்து போய் வந்தவைதான். ஒரு சமூகம் புழங்கித் தேய்த்துப் பதமாக்கி வைத்திருக்கிற சொல்லை எடுத்துக்கொள்வது, நாம் நேற்று உட்கார்ந்து ஒட்டவைத்ததைவிட மேல். ஒரே எச்சரிக்கை: மதக் கட்டுரையில் ‘பொதுநிலையினர்’ என்ற பெயர்ச்சொல் கிறித்தவத்துக்கே இருக்கட்டும், ஒரு சமணரைப் பொதுநிலையினர் என்று எழுதாதீர்கள், சாவகர் என்று அழகான சொல் சும்மா கிடக்கிறது.

‘லேமேன்ஸ் டேர்ம்ஸ்’ என்பதற்கு யாரோ ‘பாமரர் மொழியில்’ என்று பதிவில் ஏற்றியிருக்கிறார்கள், அதை எடுத்துவிட்டு ‘எளிய தமிழில்’ என்று மாற்றுங்கள். அங்கே மனிதரே தேவையில்லை. ஆய்வுக் கட்டுரைகளோடு சேர்க்கும் ‘லே சம்மரி’யும் அப்படித்தான், ‘எளிய சுருக்கம்’ போதும். சட்டப் படிப்புத் தகுதி இல்லாமல் வழக்கு கேட்கும் இங்கிலாந்து ‘லே மாஜிஸ்ட்ரேட்’டுக்குப் பொதுநிலை நடுவர்.

எனக்குப் பிடிபடாமல் இருப்பது ஒன்றுதான். குரு ஒருவரைக் குருத்துவ நிலையிலிருந்து விடுவிப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வேரிலிருந்து ‘லெயிசைஸ்’ என்று ஒரு வினை இருக்கிறது. ‘பொதுநிலைப்படுத்தல்’ என்றால் எல்லோருக்கும் பொதுவாக்குதல் என்று படிக்கத் தோன்றும். ‘பொதுநிலைக்கு மீட்டல்’ என்றால் ஏதோ ஆபத்திலிருந்து காப்பாற்றியது போல இருக்கிறது. திருச்சபை ஆவணங்களைத் தமிழில் கையாள்கிறவர்கள் இந்தக் குழுவில் இரண்டொருவர் இருக்கிறீர்கள், நடைமுறையில் என்ன எழுதுகிறீர்கள் என்று சொன்னால் அதையே போட்டுவிடலாம். மற்றவற்றில் மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், அதன் பிறகு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.