அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வேலை: கையெழுத்து கேட்கிறார்கள், வழி சொல்லுங்கள்

அண்ணன்மாரே, அக்காமாரே, கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் அம்மா பல வருடமாகப் பருப்புத் தோல் உரிக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வரவில்லை, ஆர்டரும் இல்லை என்று பாதி நாள் கேட் பூட்டியே கிடக்கிறது. இப்போது வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்கிறார்கள், திறக்கும்போது கூப்பிடுவார்களாம். போடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆட்குறைப்பு என்றால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு தர வேண்டும். தானாக விலகியதாக அந்தத் தாளில் எழுதிக்கொண்டால் அது கிடைக்காது. 5 வருடம் தாண்டியவர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி.

அம்மாவுக்கு வேண்டியது பணமில்லை, வேலைதான். சம்பளச் சீட்டு கிடையாது. பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ. அட்டையும் மட்டும் ஆதாரமாகப் போதுமா? நாகர்கோவில் தொழிலாளர் துறையில் தனியாக மனு கொடுப்பதா, கூட வேலை செய்பவர்களையும் சேர்த்தா? இப்படிப் போராடி வேலையைத் தக்கவைத்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். திங்கட்கிழமை மறுபடி தாளை நீட்டுவார்கள்.