ஏசி போட்டா காயாத துணி நாத்தம், டேஷ்போர்ட கழட்டித்தான் ஆகணுமா?

மடிப்பாக்கம்வாசி:
செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் கார். மழை முடிஞ்சதுல இருந்து கதவ தொறந்தாலே மக்கல் வாடை, ஏசி போட்டதும் காயாத துணிய மூஞ்சில போத்துன மாதிரி குப்புனு அடிக்குது, கொஞ்ச நேரத்துல கொறஞ்சிடுது. பெர்ஃப்யூம் வெச்சேன், இப்ப ரெண்டு வாடையும் சேர்ந்து வந்து அம்மாவுக்கு தலைவலி. டேஷ்போர்ட கழட்டி க்ளீன் பண்ணணும்னு ஒரு சர்வீஸ் சென்டர்ல பெரிய தொகையா சொல்றாங்க. அவ்ளோ தேவையா?

அண்ணாநகர் கார்த்தி:
எலுமிச்சம்பழத்த வெட்டி உள்ள வைங்க ப்ரோ, ஒரே நாள்ல போயிடும்.

டிங்கர் மணி:
எலுமிச்சம்பழம் டயருக்கு கீழ வெக்கத்தான் சார் 😄 மொதல்ல க்ளவ் பாக்ஸ கழட்டி உள்ள வர்ற காத்த வடிகட்டுற கேபின் ஃபில்டர பாருங்க, நெறைய மாடல்ல அங்கதான் இருக்கும். கருப்பா இருந்தா தட்டி போடாதீங்க, மாத்திடுங்க, நம்ம சென்னை ஜிபி ரோட்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்கள்ல ஈஸியா கெடைக்கும். அப்புறம் லெஃப்ட் சைடு முன் சீட்டுக்கு கீழ மேட்ட எடுத்துட்டு கார்பெட்ட கையால அழுத்தி பாத்து சொல்லுங்க.

மடிப்பாக்கம்வாசி:
அழுத்துனா சொதசொதன்னு தண்ணி வருதுண்ணா! டிரைவர் சைடு, பின்னாடி எல்லாம் காஞ்சிதான் இருக்கு.

டிங்கர் மணி:
அப்ப ரோட்டுத் தண்ணி மாதிரி தெரியல. பிசுபிசுன்னு இனிப்பு வாடை அடிச்சா இன்ஜின குளிர வெக்கிற கூலன்ட் லீக், வெறும் தண்ணியா இருந்தா ஏசி தண்ணி வெளிய போற டிரெயின் பைப் அடைச்சிருக்கும். நிழல்ல நிறுத்தி இருபது நிமிஷம் ஏசி ஓட விடுங்க, நம்ம ஊர் புழுக்கத்துக்கு வண்டிக்கு கீழ நல்லா சொட்டணும், சொட்டலன்னா அந்த தண்ணி பூரா உள்ளதான் போகுது. அத சரி பண்ணாம என்ன ஸ்ப்ரே அடிச்சாலும் வேஸ்ட்டு.

வேளச்சேரி அக்கா:
கார்பெட்டுக்கு கீழ பஞ்சு மாதிரி ஒரு ஃபோம் இருக்கும், மேல காஞ்சிருந்தாலும் அது வாரக்கணக்குல ஈரத்த புடிச்சி வெச்சிருக்கும். கார்பெட்ட தூக்கி அடில ஃபேன் வைங்க. சமையல் சோடா தூவுறதுன்னா நல்லா காஞ்சப்புறம் தூவி ராத்திரி விட்டு வேக்குவம் போடுங்க, ஈரத்துல போட்டா களி ஆயிடும், அத சுரண்டி எடுக்கறது தனி வேலை.

மடிப்பாக்கம்வாசி:
ஒரு சொட்டு கூட கீழ விழலண்ணா. பங்க்சர் கடைல ஏர் அடிச்சா அடைப்பு போகுமா?

டிங்கர் மணி:
ஃபுல் பிரஷர்ல அடிக்காதீங்க, உள்ள பைப் ஜாயின்ட் கழண்டுச்சின்னா அப்புறம் நெஜமாவே டேஷ்போர்ட கழட்டணும். லிஃப்ட்ல ஏத்தி கீழ இருந்து கொறைச்சலான காத்து, இல்லன்னா சின்ன நைலான் ஒயர். பெரும்பாலும் தூசியும் இலை தூளும்தான் இருக்கும். அதுக்கப்புறம் வீடு வர அஞ்சு நிமிஷம் முன்னாடி ஏசிய ஆஃப் பண்ணி ஃபேன மட்டும் ஓட்டுங்க, உள்ள காத்த குளிர வெக்கிற ஏசி காயில்ல இருக்கற ஈரம் காஞ்சிடும். அப்பவும் வாடை இருந்தா மட்டும் காயில் க்ளீனிங் பத்தி யோசிங்க.